சுல்பிகா மிஸ்ஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை

தன் உயிரைக் காப்பாற்றிய தாதியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல முடியாது என்று காலிதீன் பிடிவாதமாக நின்றார்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில், கரையேற்றி வைத்த தோணியின் நிழலில் உட்கார்ந்து அவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எதிரே மணலில் சப்பணமிட்டிருந்த பர்ஸானின் மடியில் ஓர் அரசாங்கப் படிவம் இருந்தது. அதன் ஏழாவது கேள்விக்குக் கீழே பத்து வரிகள் வெறுமையாகக் கிடந்தன.

"அவ உங்களுக்கு விசேஷமா ஒண்டும் செய்யல்லயா காக்கா?"

"இல்ல."

"உங்கட கூட்டாளிமார் நாலு பேர உள்ளுக்கு எடுத்த எண்டு கேள்விப்பட்டன்."

காலிதீன் ஊசியைப் பிடித்த கையை நிறுத்தினார். "ஆரும் வரல்ல. அவவுக்குச் சட்டம் எண்டால் சட்டம். கல்நெஞ்சுக்காரி. அப்படியே எழுதுங்க தம்பி."

சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கின. உப்புக் காற்றாக இருக்கும் என்று பர்ஸான் நினைத்துக்கொண்டான்.

பர்ஸான் ஆஸ்பத்திரிக் காரியாலயத்தில் முகாமைத்துவ உதவியாளர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரு குற்றத்துக்காகவே ஆஸ்பத்திரியில் எந்த எழுத்து வேலை வந்தாலும் அவன் தலையில் விழும். இதுவும் அப்படித்தான் விழுந்தது. கருணையான பராமரிப்புக்கும் இளம் தாதியருக்கு வழிகாட்டியதற்கும் மாகாணத்தில் ஒரு விருது கொடுக்கப் போகிறார்கள்; நம்முடைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் சுல்பிகா மிஸ்ஸின் பெயரை அனுப்புவோம் என்று பெரிய டொக்டர் படிவத்தை நீட்டினார். ஏழாவது கேள்விக்கு நோயாளிகளோ உறவினர்களோ மூன்று பேர் தம் கைப்பட எழுதித் தர வேண்டும். பெயர் குறிக்கப்பட்டவருக்கு விஷயம் தெரியக்கூடாது.

இதைவிடச் சுலபமான வேலை இருக்காது என்றுதான் பர்ஸான் நினைத்தான். சுல்பிகா மிஸ்ஸின் கதைகள் கென்டீனில் தேநீரோடு சேர்த்துப் பரிமாறப்படுபவை. காலிதீனின் தோணி கரையோர அலையில் கவிழ்ந்து, நெஞ்சு நிறையக் கடல்தண்ணீரோடு அவர் வந்து சேர்ந்த கதையை அறியாதவர்கள் இல்லை. பதினொரு நாள் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. அதைக் கழற்றப் பார்த்தபோதெல்லாம் மனிதர் பயந்து திணறினார். ஒருநாள் பின்னேரம் சுல்பிகா மிஸ் அவருடைய வலைக்காரர் நால்வரை, காலில் மணலோடு வந்தவர்களைக் கழுவித் துடைத்து, உள்ளே கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி நிறுத்தினாள். கரைவலை இழுக்கிறபோது போடுகிற ஓசையை மெதுவாகப் போடுங்கள் என்றாள். "ஏலேலோ" என்று அவர்கள் இழுக்க இழுக்கக் காலிதீன் மூச்சை இழுத்தார். விடச் சொன்னபோது விட்டார். மறுநாள் இயந்திரத்தை அகற்றிவிட்டார்கள்.

பெரிய டொக்டரின் சட்டப்படி அந்தப் பிரிவுக்குள் ஓர் உறவினர், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம்.

நோயாளிகளின் விலாசம் எடுக்க வாசல் காவலாளி பக்கீர் முகைதீனின் பதிவுப் புத்தகம் வேண்டியிருந்தது. அவர் காரணம் தெரியாமல் புத்தகம் தரமாட்டார். ஆகவே அவரிடம் மட்டும் பர்ஸான் விருது விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

காலிதீன் கைவிட்டதும் பர்ஸான் மருதமுனைக்குப் போனான். அங்கே நெசவு செய்யும் றஹீமாவின் கணவர் சென்ற வருஷம் மூன்று வாரம் அந்தப் பிரிவில் மயக்கத்தில் கிடந்தவர். சுல்பிகா மிஸ் தினமும் மத்தியானம் றஹீமாவை உள்ளே எடுத்து, கதிரை போட்டு உட்காரவைத்து, கணவரின் தலை சீவவும் கைகாலுக்கு எண்ணெய் தடவவும் பழக்கினாள் என்று கேள்வி.

அரசாங்க முத்திரையைக் கண்டுதான் காலிதீன் மிரண்டிருப்பார் என்று பர்ஸானுக்குத் தோன்றியது. எனவே படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். றஹீமா தறியை நிறுத்திவிட்டுக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். சுல்பிகா மிஸ்ஸின் பெயரை எடுத்ததும் அவளுடைய முகம் பூட்டிக்கொண்டது. அந்த மிஸ் கதவைத் திறந்ததே இல்லை, தான் கண்ணாடிக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவேன், பதினோராவது நிமிஷம் துரத்திவிடுவா என்று ஒப்புவித்தாள்.

பாவம், பயப்படுகிறாள் என்று பர்ஸானுக்குப் புரிந்தது. பயத்தைப் போக்கத்தான் அவன் அந்த வசனத்தைச் சொன்னான்.

"ராத்தா, அவ சட்டத்த மீறி உங்கள உள்ள எடுத்த எண்டு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து வச்சாப் போதும். உங்களுக்கு ஒரு கெடுதியும் வராது."

றஹீமா எழுந்து, அவன் பாதி குடித்திருந்த கோப்பிக் கோப்பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து அவளுடைய கணவர் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "ஆரு, சுல்பிகா மிஸ்ஸயா கேக்குற? அவதான் என்ட காதுக்குள்ள ஒவ்வொரு நாளும்..."

"அவருக்கு இன்னும் மயக்கம் தெளியல்ல," என்றாள் றஹீமா, கதவைச் சாத்தியபடி. மனிதர் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதமாகியிருந்தது.

பர்ஸான் படலையைத் தாண்டும்போது, பொய் சொன்னதற்காக அவள் உள்ளே இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு இஸ்திஃபார் ஓதுவது நன்றாகக் கேட்டது.

மறுநாள் காலை அவன் வாடிய முகத்தோடு மருந்துப் பட்டியல் ஒன்றை வாங்க அந்தப் பிரிவுக்குப் போனான். சுல்பிகா மிஸ் ஐம்பதைத் தாண்டிய, உருவத்தில் சிறிய பெண். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் முதலில் பெயர் சொல்லி ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டு, "இப்ப ஊசி போடப் போறன், கொஞ்சம் நோகும்" என்று அறிவித்துவிட்டுத்தான் தொடுவாள். அவளிடம் பழகிய இளம் தாதிமாரும் அப்படியே செய்தார்கள். அந்த அறையில் எப்போதும் யாரோ ஒருவர் பதில் வராத ஒருவரோடு மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருப்பார்.

முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். டெங்கு பற்றி வீடு வீடாக விபரம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், சனம் வாயே திறக்குதில்லை என்று பர்ஸான் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்தது.

"நீங்க மோட்டார் சைக்கிள்ல சேர்ட்ட வெளிய விட்டுக்கிட்டுப் போனா ஆரு மதிப்பாங்க தம்பி? ஆஸ்பத்திரி வாகனத்தக் கேளுங்க. ஒரு டை கட்டுங்க. பைல் ஒண்ட கையில வச்சிக்கங்க. மறுகா பாருங்க, எப்படிக் கதைக்கிறாங்க எண்டு."

தனக்கு விருது வாங்கித்தர அலைகிறவனுக்கே வழி சொல்லித் தருகிறாளே, இந்த மனம் யாருக்கு வரும் என்று பர்ஸான் உருகிப்போனான்.

அப்படியே செய்தான். கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு, சிவப்பு நாடா போட்ட பைலோடு, முன்கதவில் அரசாங்க இலச்சினை பதித்த டபுள் கெப் வாகனத்தில் சவளக்கடைக்குப் போனான். வேளாண்மை வெட்டுகிற காலம். வாகனம் வரம்போரம் நின்றதும் வயலில் நின்ற மூன்று பேர் கதிருக்குள் குந்திவிட்டார்கள். நான்காவது ஆள்தான் தில்லையம்பலம். பாம்பு கடித்த காலில் இன்னும் வேகமாக நடக்க ஏலாததால் அவரால் ஒளிய முடியவில்லை.

அவர் அந்தப் பிரிவில் கிடந்தபோது, வயலுக்குத் தண்ணீர் வருகிற முறை தவறிவிடும் என்று பிதற்றிக்கொண்டே இருந்தாராம். சுல்பிகா மிஸ் வாய்க்காலுக்குப் பொறுப்பான வட்டவிதானையை அழைத்து, மடை திறந்து தண்ணீர் பாய்கிற சத்தத்தைக் கைபேசியில் அவருடைய காதுக்குப் பிடித்தாளாம். அன்றைக்குத்தான் மனிதர் அமைதியாக உறங்கினார். அந்த அறைக்குள் கைபேசி எடுத்துப் போவது பெருங்குற்றம்.

பர்ஸான் கைபேசி என்ற சொல்லை எடுத்ததும் தில்லையம்பலம் வானத்தைப் பார்த்தார். அந்த வாட்டுக்குள் போன் என்ற சாமானையே தான் காணவில்லை என்றார். அப்போது அவருடைய சட்டைப்பையில் கைபேசி மணியடித்தது. அது வேறு யாருடைய மார்பிலோ அடிப்பதுபோல அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

பர்ஸானுக்குப் பொறுமை போய்விட்டது. இரகசியமாவது மண்ணாங்கட்டியாவது என்று உண்மையைப் போட்டு உடைத்தான். சுல்பிகா மிஸ்ஸுக்கு விருது கொடுக்கப் போகிறார்கள், பொன்னாடை போர்த்தப் போகிறார்கள், அதற்குத்தான் கேட்கிறேன் என்றான்.

கதிருக்குள்ளிருந்து மூன்று தலைகளும் எழும்பின. தில்லையம்பலம் டையைப் பார்த்தார், பைலைப் பார்த்தார், வாகனத்தைப் பார்த்தார்.

"எங்கட பள்ளிக்கூட அதிபருக்கும் இப்பிடித்தான் பொன்னாடை போத்தின தம்பி. மறு கிழம தூரத்துக்கு மாத்திப்போட்டாங்க."

அதற்குப் பிறகு பர்ஸான் எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் செய்தி போயிருந்தது. சுல்பிகா மிஸ்ஸை விசாரிக்கிறார்கள், சட்டம் மீறியதற்கு எழுத்தில் சாட்சி தேடுகிறார்கள், இடமாற்றக் கடிதமும் தயாராம். மீன் சந்தையில் அவனுக்கு மீன் விற்க மறுத்தார்கள். அவன் மனைவி ஸப்னாவே இரவுச் சோற்றைப் போட்டுவிட்டு, அந்த அப்பாவி மனுசியைக் காட்டிக் கொடுத்துத்தானா உங்களுக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று கேட்டாள். விருதுப் படிவத்தைக் காட்டினான். எழுத்து அழகாக இருக்கிறது, நீங்களே எழுதினதா என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

நோயாளிகள் போகட்டும், வழிகாட்டல் என்ற பகுதியையாவது நிரப்புவோம் என்று அவன் இளம் தாதி ஸம்றாவிடம் போனான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு நோயாளி இறந்ததும் வேலையை விட்டுப் போகிறேன் என்று உடுப்பு அறையில் அழுதவள் அவள். சுல்பிகா மிஸ் அவளோடு தரையில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு இருவருமாகப் போய் இறந்தவரின் மையித்தைத் துடைத்து ஒழுங்குபடுத்தினார்கள் என்பதை ஸம்றாவே கென்டீனில் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் நேராக நிமிர்ந்து நின்றாள். "மிஸ் எங்களுக்குச் சுற்றறிக்கையில் உள்ளதை மட்டுமே பழக்கித் தந்தார்."

எழுதியதை வாசிப்பதுபோல் இருந்தது. பின்னால் நின்ற இன்னும் நான்கு தாதிமாரை விசாரித்தான். நால்வரும் ஒரு சொல் பிசகாமல் அதையே சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவளுக்குச் 'சுற்றறிக்கை' மறந்துபோக, பக்கத்தில் நின்றவள் எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை படிவம் அனுப்பக் கடைசி நாள். பர்ஸானின் பைலில் மொத்தம் ஒன்பது வாக்குமூலங்கள் இருந்தன. ஒன்பதும் சுல்பிகா மிஸ் இரக்கமே இல்லாத, சட்டப்புத்தகத்தைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு பெண் என்று உறுதிசெய்தன. அவற்றை அனுப்பினால் விருது கிடைக்காதது மட்டுமல்ல, இந்தப் பெண்ணை இத்தனை காலம் வேலையில் வைத்திருந்ததற்கு ஆஸ்பத்திரியிடம் விளக்கம் கேட்பார்கள்.

ஜும்ஆ முடிந்து அரை மணித்தியாலம் கழித்து வாசலில் சத்தம் கேட்டது. பர்ஸான் யன்னலால் எட்டிப் பார்த்தான்.

பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் தொப்பியோடு நின்றார்கள். மருதமுனைப் பெண்கள் ஒரு பெரிய துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். நெய்த துணி, அதில் 'எங்கள் மிஸ்ஸைத் தொடாதே' என்று சாயத்தால் எழுதியிருந்தது. சவளக்கடையிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் இரண்டு டிரக்டர் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். சாய்ந்தமருது வலைக்காரர்கள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெரிய டொக்டர் பர்ஸானைக் கூப்பிட்டார். அவருடைய குரல் மிகவும் தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு படிவம் நிரப்பத்தானே தந்தன்?"

இருவரும் வாசலுக்குப் போனார்கள். இது விசாரணை இல்லை, விருது என்று பெரிய டொக்டர் உரத்துச் சொன்னார். விருது என்ற சொல் கேட்டதும் கூட்டம் இன்னும் கொதித்தது. அவர் கையை உயர்த்தி, அந்தத் தாதி சட்டத்தை மீறினார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லையே என்றார்.

அதோடு காலிதீனால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மீறினதான் சேர். என்ட ஆக்கள் நாலு பேர அவதான் உள்ள எடுத்த. அவங்கட சத்தம் கேட்டுத்தான் நான் மூச்சு எடுத்த. அது பிழையெண்டால் அந்த மூச்சு என்னத்துக்கு எனக்கு? என்னத் தண்டிங்க, அவவ விடுங்க."

பிறகு கூட்டத்தை அடக்க முடியவில்லை. றஹீமா மூன்று வார மத்தியானங்களையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளுடைய கணவர், மயக்கம் தெளியாதவர் என்று சொல்லப்பட்டவர், தன் காதுக்குள் தினமும் இன்று என்ன கிழமை, வீட்டில் என்ன சமையல் என்று மிஸ் சொன்னதை, கறியின் பெயர் உட்பட, நினைவிலிருந்து சொன்னார். தில்லையம்பலம் கைபேசியை எடுத்து உயர்த்திக் காட்டி, இதைத்தான் அவ காதுக்குப் பிடித்த என்றார். ஸம்றாவும் தோழிகளும் மாடிப்படியில் நின்று அழுதார்கள். யாரோ ஒரு வயதான மனுசி, தன் மகன் உயிரோடு திரும்பவில்லை, ஆனால் அவனுடைய கை தன் கைக்குள் இருக்கும்போதுதான் போனான், அந்தக் கதவைத் திறந்து விட்டது அவதான் என்று மெல்லச் சொன்னாள்.

பெரிய டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தான் போட்ட சட்டத்துக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவருக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

காலிதீன் ஒரு மகஜரை நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. இரண்டே கோரிக்கை. சுல்பிகா மிஸ்ஸை மாற்றக்கூடாது. நோயாளிக்கு உரித்தான உறவினர் ஒருவரைக் காலையும் மாலையும் உள்ளே, கட்டிலருகே, உட்கார விட வேண்டும். வாய்ப்பேச்சை நம்பமாட்டோம், எழுத்தில் வேண்டும் என்றார்கள்.

எழுத்து வேலை என்றதும் எல்லோரும் பர்ஸானைப் பார்த்தார்கள். கேற்றுத் தூணில் தாளை வைத்து முத்து முத்தாக எழுதினான். பெரிய டொக்டர் கையெழுத்திட்டு, காரியாலயத்திலிருந்து முத்திரையை வரவழைத்துக் குத்தினார். டிரக்டர்காரர்கள் ஆளுக்கொரு போட்டோப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் படிவத்தின் ஏழாவது கேள்விக்குக் கீழே பர்ஸான் 'இணைப்பைப் பார்க்க' என்று மட்டும் எழுதி, மகஜரையும், வாசலில் கேட்டதை நினைவிலிருந்து எழுதிய பதினான்கு பக்கங்களையும் வைத்து அனுப்பினான்.

விருது கிடைத்தது. விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள்; வாழ்த்துப்பா வாசித்தார்கள். மகஜர் போட்டவர்களில் பாதிப்பேர் வந்து முன்வரிசையில் இருந்து, இடமாற்றக் கடிதம் ஏதும் கை மாறுகிறதா என்று கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தார்கள். சுல்பிகா மிஸ் ஒலிவாங்கியில் நன்றி என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, இரண்டாம் கட்டிலில் ஒருவருக்கு மருந்து நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் பர்ஸான் பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பிரிவின் வாசலுக்குப் போனான். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு கதிரை, ஒவ்வொரு கதிரையிலும் ஓர் ஆள். ஒரு பெண் கணவரின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். ஸம்றா அவளுக்குக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பர்ஸானின் மனம் நிறைந்தது. கொஞ்சம் உறுத்தவும் செய்தது. தன் மடத்தனத்தால் ஊரையே கலக்கிவிட்டதாகவும், நல்லகாலம் அது நன்மையில் முடிந்ததாகவும், விசாரணை என்று முதலில் கிளப்பியது யாரென்று மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை என்றும் பக்கீர் முகைதீனிடம் சொன்னான்.

பக்கீர் முகைதீன் புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்தார். ஏழு வருஷமாக இந்தக் கதவைத் திறக்கச் சொல்லி அந்த மனுசி மேலிடத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினதும், ஒன்றுக்கும் பதில் வராததும் உங்களுக்குத் தெரியாதுதானே என்றார். பிறகு உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"'என்னப் பத்தி விசாரிக்க ஆள் வரும், ஒண்டும் சொல்லிராதீங்க' எண்டு ஊரூராப் போன் எடுத்தது சுல்பிகா மிஸ்தான் தம்பி, புத்தகத்த உங்களுக்குத் தர முந்தி அதில இருந்த நம்பர வாசிச்சுக் குடுத்தது நான்."